முட்டிவலிக்கு சைக்கிளைக் குற்றம் சொல்லாதீர்கள்

சைக்கிள் பயிற்சி தொடங்கிய சில மாதங்களில் முட்டி வலிக்கிறது என்று ஒருவர் சொன்னால் அவருக்கு இரண்டு விதமான பதில்கள் கிடைக்கும். வீட்டிலும் சில மருத்துவர்களிடமும் கிடைப்பது, ‘இந்த வயதில் இதெல்லாம் தேவையா, நிறுத்திவிடுங்கள்’ என்ற பதில். கூட ஓட்டுகிறவர்கள், ‘ஆரம்பத்தில் அப்படித்தான் இருக்கும், ஓட்ட ஓட்டச் சரியாகிவிடும்’ என்பார்கள். இரண்டு பேச்சையும் கேட்கக் கூடாது. முதலாவது பதில், மூட்டுக்கு இதமான ஓர் உடற்பயிற்சியிலிருந்து ஒருவரை விலக்கிவிடுகிறது. இரண்டாவது, எளிதில் சரிசெய்யக்கூடிய கோளாறை நாள்பட்ட வலியாக வளரவிடுகிறது. சைக்கிள் ஓட்டுவோருக்கு வரும் முட்டிவலியில் பெரும்பகுதி தவிர்க்கக்கூடியது. எவ்வளவு ஓட்டுகிறோம் என்பதைவிட, அந்த அளவை எவ்வளவு அவசரமாக எட்டினோம் என்பதே அதில் முக்கியம் என்பது என் வாதம்.

சைக்கிள் ஓட்டினால் முட்டி தேய்ந்துவிடும் என்ற பயத்தை முதலில் பார்த்துவிடலாம். பெர்லினைச் சேர்ந்த ஆய்வாளர்கள், செயற்கை முழங்கால் மூட்டு பொருத்தப்பட்ட சிலருக்கு அந்த மூட்டுக்குள்ளேயே அளவுக் கருவிகளை வைத்து, உள்ளே எவ்வளவு விசை விழுகிறது என்று நேரடியாக அளந்தார்கள். சமதரையில் நடக்கும்போது முட்டியில் விழும் விசை உடல் எடையைப் போல இரண்டரை மடங்கு அளவுக்கு இருந்தது. மிதமான வேகத்தில் சைக்கிள் மிதிக்கும்போது அது உடல் எடையைச் சற்றே தாண்டியது, அவ்வளவுதான். இருக்கை உடலின் எடையைத் தாங்கிக்கொள்கிறது; பாதம் தரையில் மோதுவதில்லை. அமெரிக்காவில் முழங்கால் மூட்டுத் தேய்மானம் பற்றிய நீண்டகால ஆய்வில் பங்கேற்ற 2,600-க்கும் மேற்பட்டவர்களின் விவரங்கள் 2024-இல் வெளியாயின. வாழ்க்கையில் எப்போதாவது சைக்கிள் ஓட்டும் வழக்கம் இருந்தவர்களுக்கு, அந்த வழக்கமே இல்லாதவர்களைவிட அடிக்கடி முட்டி வலிப்பது 17 சதவீதமும், வலியோடு கூடிய தேய்மானம் 21 சதவீதமும் குறைவாக இருந்தன. முட்டி நன்றாக இருப்பவர்கள்தானே சைக்கிள் ஓட்டுவார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். இத்தகைய ஆய்வு தொடர்பைக் காட்டுமே தவிர, காரணத்தை நிரூபிக்காது. ஆனாலும் சைக்கிள் முட்டியைத் தேய்க்கும் என்ற கூற்றுக்கு இதில் எந்த ஆதரவும் இல்லை.

அப்படியானால் வலி எங்கிருந்து வருகிறது? நிமிடத்துக்கு 80 சுற்று மிதிக்கும் ஒருவரின் ஒவ்வொரு முட்டியும் ஒரு மணி நேரத்தில் 4,800 தடவை மடங்கி நிமிர்கிறது. ஒவ்வொரு மிதியிலும் விழும் சுமை சிறியது. ஆனால் அது ஒரே கோணத்தில், ஒரே பாதையில், ஓய்வில்லாமல் விழுகிறது. இருக்கை தாழ்வாக இருந்தால் பெடல் மேலே வரும்போது கால் அளவுக்கு மீறி மடங்கி, முட்டிச் சில்லு தொடை எலும்போடு அழுந்துகிறது. முட்டியின் முன்பக்கம் வலிப்பது பெரும்பாலும் இதனால்தான். கனமான கியரில் மெதுவாக அழுத்தி மிதித்தாலும் இதே விளைவுதான். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளைப் பெரிய கியரிலேயே ஏறிக் காட்டுகிறேன் என்று கிளம்புகிறவர் தன் வீரத்தின் விலையை முட்டியில்தான் கட்டுவார். இருக்கை உயர்ந்துபோனால் முட்டியின் பின்பக்கமோ வெளிப்பக்கமோ இழுக்கும். தொழில்முறை வீரர்களும் இதற்கு விலக்கில்லை. 109 வீரர்களை ஆராய்ந்து 2010-இல் வெளியான நார்வே ஆய்வு ஒன்றில், தொடர் பயன்பாட்டால் வந்த காயங்களில் கீழ்முதுகே முதலிடம் பிடித்தது. ஆனால் பயிற்சியையோ போட்டியையோ விடும்படி செய்த காயங்களில் பாதிக்கும் மேற்பட்டவை முட்டியில் வந்தவை.

இங்கேதான் அவசரம் குற்றவாளிக் கூண்டில் ஏறுகிறது. பயிற்சி தொடங்கிய சில வாரங்களிலேயே மூச்சு வாங்குவது குறைகிறது, இதயம் பழகிக்கொள்கிறது, தொடைத் தசை வலுவாகிறது. முட்டிச் சில்லைப் பிடித்திருக்கும் தசைநாண் அந்த வேகத்தில் மாறுவதில்லை. அதற்கு மாதங்கள் வேண்டும். மூச்சு அனுமதிக்கிறதே என்று தூரத்தைக் கூட்டிக்கொண்டே போகிறவர், தசைநாண் இன்னும் தயாராகாத சுமையை அதன்மீது ஏற்றுகிறார். இந்த இடைவெளி தெரியாததால்தான் ‘நன்றாகத்தானே ஓட்டிக்கொண்டிருந்தேன், திடீரென்று வலிக்கிறதே’ என்று பலர் திகைக்கிறார்கள். பிரெவே எனப்படும் நெடுந்தூர ஓட்டங்களில் மிகக் குறைந்த தூரமே 200 கி.மீ.; அதை 13 மணி 30 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். பத்து மணி நேரம் பெடலில் கால் இருந்தால் ஒவ்வொரு முட்டியும் 40,000 தடவைக்கு மேல் மடங்கும். அதுவரை ஞாயிற்றுக்கிழமைகளில் 40 கி.மீ. மட்டும் ஓட்டியவருக்கு இது எப்படிப்பட்ட தாவல் என்று யோசித்துப் பாருங்கள். வாரத்துக்கு 10 சதவீதம் மட்டும் கூட்ட வேண்டும் என்று சொல்லப்படும் விதி வேதவாக்கு இல்லை. அந்தக் குறிப்பிட்ட எண்ணுக்கு ஆய்வு ஆதரவு பலவீனமானதே. எண் எதுவானாலும், படிப்படியாகக் கூட்டுவதும் இடையில் ஒரு வாரம் குறைத்து ஓட்டுவதும் அவசியம்.

சைக்கிளை உடலுக்கேற்ப அமைப்பது வசதி படைத்தவர்களுக்கான சேவை என்று ஒரு மறுப்பு உண்டு. பெரிய நகரங்களில் அதற்கு ஆயிரக்கணக்கில் கட்டணம் வாங்குகிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் அதன் அடிப்படை ஒரு ஸ்பேனரிலும் அளவு நாடாவிலும் அடங்கிவிடும். இருக்கையில் அமர்ந்து, குதிகாலைப் பெடலில் வைத்து, பெடலை அடிமட்டத்துக்குக் கொண்டுவந்தால் கால் நேராக நீள வேண்டும். பிறகு பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கும்போது முட்டி தேவையான அளவு, ஏறத்தாழ 25 முதல் 35 டிகிரி வரை, மடங்கி நிற்கும். அமெரிக்க வீரர் கிரெக் லெமாண்ட் பிரபலப்படுத்திய கணக்கு இன்னும் எளிது: தொடையிடுக்கிலிருந்து தரைவரை உள்ள உயரத்தை 0.883-ஆல் பெருக்க வேண்டும். அந்த உயரம் 80 செ.மீ. என்றால், பெடல் அச்சு சுழலும் மையத்திலிருந்து இருக்கையின் மேற்பரப்புவரை 70.6 செ.மீ. இருக்க வேண்டும். இவை தொடக்கப் புள்ளிகள்தாம். உடலைப் பொறுத்து சில மில்லிமீட்டர் மாறலாம். அமைப்பைச் சரிசெய்துவிட்டால் வலியே வராது என்று விளம்பரப்படுத்துவோரை நம்பவும் வேண்டாம். இருக்கை உயரத்துக்கும் காயத்துக்குமான தொடர்பைப் பேசும் ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை. இருக்கையைச் சரிசெய்தும் தூரத்தை ஒரேயடியாக இரட்டிப்பாக்கினால் முட்டி வலிக்கத்தான் செய்யும்.

வலியில்லாமல் விளையாட்டில் முன்னேற முடியாது என்பதே மிகப் பெரிய மறுப்பு. தொடை எரிவதும் மூச்சு முட்டுவதும் முயற்சியின் வலி, ஓய்வெடுத்தால் அடங்கிவிடும். மூட்டில் ஓரிடத்தில் குத்தும் வலியும், மறுநாள் படி இறங்கும்போது எட்டிப் பார்க்கும் வலியும் வேறு வகை. இரண்டையும் ஒன்றாக நினைப்பதால் வரும் சேதத்துக்கு பெர்னார் இனோவைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை. டூர் டி பிரான்ஸ் பந்தயத்தை ஐந்து முறை வென்ற அவர், 1980-இல் முதலிடத்துக்கான மஞ்சள் சட்டையை வைத்திருந்தபோதே, முட்டியின் தசைநாண் வீக்கத்தால் போ நகரில் போட்டியைக் கைவிட்டார். 1983-இல் முட்டிப் பிரச்சினையால் போட்டிக்கே வர முடியவில்லை. அறுவை சிகிச்சை செய்துகொண்டார். வலியைப் பொறுப்பதில் அவரை மிஞ்சியவர்கள் குறைவு. அந்தப் பொறுமை அவர் முட்டியைக் காப்பாற்றவில்லை.

எனவே சைக்கிள் கழகங்களுக்கு ஒரு வேண்டுகோள். நீண்ட ஓட்டத்துக்குப் புதியவரின் பெயரைப் பதிவுசெய்யும் முன், கடந்த மூன்று மாதங்களில் அவர் வாரத்துக்கு எவ்வளவு ஓட்டினார் என்று கேளுங்கள். பதில் போதாது என்றால் அடுத்த ஆண்டு வரச் சொல்லுங்கள். பிளஸ் 1 மாணவர்களுக்கு அரசு விலையில்லா சைக்கிள் வழங்கும் நாளில், ஒவ்வொருவரையும் ஏற்றி உட்கார வைத்து இருக்கையை உயர்த்திக் கொடுக்கப் பள்ளிகளில் ஒருவரை நியமிக்கலாம். இதற்குத் தனி நிதி தேவையில்லை. ஏற்கெனவே வலியோடு ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் தூரத்தைப் பாதியாகக் குறையுங்கள், இலகுவான கியருக்கு மாறுங்கள், இருக்கையை அளந்து பாருங்கள். முட்டி வீங்கினாலோ, மடக்கும்போது பூட்டிக்கொண்டாலோ, இரண்டு மூன்று வாரங்களில் வலி குறையாவிட்டாலோ மருத்துவரிடம் போங்கள்.