அத்தை வீட்டுக்கு எந்த ரவுட்டர்?

புதுச்சேரியிலிருந்து கடலூர் போகிற சாலையில், அரியாங்குப்பம் தாண்டினால் தவளக்குப்பம். அங்கே என் அத்தை வீடு. போன மாதம் போயிருந்தபோது, காபி டம்ளரைக் கீழே வைப்பதற்குள் மூன்று பேரிடமிருந்து மூன்று புகார்.

அத்தையின் மூத்த பையன் பாரிஸில் இருக்கிறார். "சாயங்காலமானா போதும், அவன் மூஞ்சி அப்படியே நின்னு போயிடுதுப்பா. பேரன் பேசறது கிணத்துக்குள்ளேர்ந்து கேக்குது" என்றார் அத்தை.

மாடியில் இளைய மருமகள். வீட்டிலிருந்தே வெளிநாட்டு கம்பெனி வேலை. சேர்ந்து நாலு மாதம்தான் ஆகிறது. ஆறு மாதம் முடிந்தால்தான் நிரந்தரம். "ஆறு மணி மீட்டிங்ல தினமும் கட் ஆகுதுண்ணா. போன வாரம் மேனேஜர் நேரடியாவே கேட்டுட்டாரு" என்றாள். குரலில் பயம் தெரிந்தது.

மூன்றாவது ஆள் என் மச்சான். கல்யாண வீடியோ எடுப்பவர். நெட்வொர்க் சமாசாரங்களில் ஆர்வம் அதிகம். "நம்ம ரவுட்டர்தான் சரியில்ல மாப்ள. பத்து கிகாபிட் போற ஒயர்டு ரவுட்டர் ஒண்ணு பார்த்து வச்சிருக்கேன், முப்பதாயிரம்" என்று போனை நீட்டினார்.

வீட்டுக்கு வருகிற இணைப்போ 100 மெகாபிட். பத்து கிகாபிட் என்பது அதைப்போல நூறு மடங்கு. சந்துக்கு எட்டு வழிச் சாலையில் கதவு வைத்த கதைதான்!

வாங்குவதற்கு முன் ஒரு சோதனை செய்து பார்க்கலாம் என்றேன். ஒரு லேப்டாப்பைக் கேபிளில் இணைத்து, 'பிங்' ஓட விட்டோம். நாம் அனுப்பும் ஒரு சின்னத் தகவல் போய்த் திரும்ப எத்தனை மில்லி செகண்டு ஆகிறது என்று காட்டும் சோதனை அது. மதியம் மூன்று மணிக்கு 10, 12 என்று காட்டியது. ஆறு மணிக்கு மறுபடி பார்த்தோம். 500, 600!

அந்த நேரத்தில் வீட்டில் என்ன நடக்கிறது என்று விசாரித்தால், மச்சான் வேலை முடிந்து வந்ததும் அன்றைய கல்யாண வீடியோவை மொத்தமாக அப்லோடு போடுகிறார். மனைவியின் மீட்டிங்கைக் கெடுத்தவர் அவரேதான். பாவம், அவருக்கே தெரியாது.

தவளக்குப்பம் சந்திப்பில் சாயங்காலம் நிற்பவர்களுக்கு இது எளிதில் புரியும். லாரிகள் வரிசையாக நிற்கின்றன. பின்னால் ஒரு ஸ்கூட்டி. அது போக ஒரு முழம் இடம் போதும். ஆனாலும் அத்தனை லாரியும் நகரும் வரை காத்திருக்க வேண்டும். வீடியோ ஃபைல் லாரி. மீட்டிங்கில் பேசும் குரல் ஸ்கூட்டி. சாதாரண ரவுட்டர், வருவதை எல்லாம் ஒரே வரிசையில் அடுக்கிக்கொண்டே போகும். இதற்கு 'பஃபர்ப்ளோட்' என்று பெயர். 2010-இல் இந்தப் பெயரைச் சூட்டிய ஜிம் கெட்டிஸ் என்ற கணினி நிபுணர், இதைக் கண்டுபிடித்ததும் தன் வீட்டு இணைப்பில்தான்.

மருந்தும் உண்டு. 2012-இல் கேத்லீன் நிக்கோல்ஸ், வான் ஜேக்கப்சன் இருவரும் 'கோடெல்' என்ற முறையை வெளியிட்டார்கள். வரிசையில் தகவல்கள் நெடுநேரம் தேங்க விடாமல் பார்த்துக்கொள்ளும் முறை அது. அதையொட்டி வந்த 'எஃப்க்யூ-கோடெல்', 'கேக்' ஆகியவை ஒவ்வொரு வேலைக்கும் தனி வரிசை போட்டு, சின்னதற்கு முதலில் வழிவிடுகின்றன. ஆக, ஒயர்டு ரவுட்டர் வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி, 'எவ்வளவு வேகம்?' அல்ல, 'நெரிசலில் யாருக்கு வழிவிடும்?' என்பதுதான்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அட்டைப்பெட்டியில் 'கிகாபிட்' என்று போட்டிருந்தாலும், இந்த வரிசை வேலையை முடுக்கிவிட்டால் சின்ன ரவுட்டர்களின் பிராசஸர் திணறி, வேகம் பல மடங்கு குறையலாம். அந்த வசதி ஓடும்போது, உங்கள் இணைப்பின் வேகத்தைத் தாங்குமா என்று பார்த்து வாங்குங்கள்.

இரண்டாவது கேள்வி: எத்தனை வருடம் அப்டேட் வரும்? 2018 மே மாதம் 'விபிஎன்ஃபில்டர்' என்ற வைரஸ், 54 நாடுகளில் குறைந்தது 5 லட்சம் ரவுட்டர்களையும் சேமிப்புக் கருவிகளையும் பிடித்திருப்பதாகத் தெரியவந்தது. அதே வருடம் மைக்ரோடிக் ரவுட்டர்களில் ஓர் ஓட்டை. ஏப்ரலிலேயே கம்பெனி அதை அடைத்துவிட்டது. ஆனால், அப்டேட் போடாத லட்சக்கணக்கான ரவுட்டர்கள் வழியாக, யாரோ கிரிப்டோ காசு பார்த்தார்கள். பூட்டு நல்லதாக இருந்து என்ன, நாம் பூட்ட வேண்டுமே!

மூன்றாவது: இரண்டு இணைப்புகளைச் செருக முடியுமா? 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்ததை இந்தப் பக்கத்து மக்கள் மறக்க மாட்டார்கள். ஒரு கம்பெனியின் ஒயர் அறுந்தால் இன்னொன்றுக்குத் தானாக மாறும் ரவுட்டர், வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்களுக்குப் பெரிய துணை. ரவுட்டருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் சேர்த்து ஒரு சின்ன யூபிஎஸ் கட்டாயம். ஒன்றுக்கு மட்டும் கரண்ட் இருந்து பயனில்லை.

இனி மாடல்கள். இரண்டு இணைப்புகள்தான் முக்கியம் என்றால் டிபி-லிங்க் இஆர்605 பார்க்கலாம். கற்றுக்கொள்ளும் ஆர்வம் இருந்தால் மைக்ரோடிக் ஹெக்ஸ். ஐந்து கிகாபிட் போர்ட். ரவுட்டர்ஓஎஸ் 7-இல் எஃப்க்யூ-கோடெல், கேக் இரண்டும் உண்டு. ஆனால், செட்டிங்கில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கரையும். பழைய கம்ப்யூட்டர் ஒன்று சும்மா கிடந்தால், இரண்டு லேன் போர்ட் இருக்கும்படி செய்து, இலவச மென்பொருளான ஓபிஎன்சென்ஸ் போட்டே ரவுட்டராக்கலாம். கரண்ட் செலவு மட்டும் கூடும். இவற்றில் வைஃபை வராது என்பதை மறக்க வேண்டாம். பழைய வைஃபை பெட்டியையே 'ஆக்சஸ் பாயின்ட்' ஆக்கிக்கொள்ளலாம்.

கேபிளில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். சுத்தமான செம்பு கேட்-6 என்று கேட்டு வாங்குங்கள். 'சிசிஏ' என்றால் அலுமினியத்துக்குச் செம்பு முலாம். மலிவு, ஆனால் எளிதில் முறியும். கேமராவுக்கு அதன் வழியே கரண்டும் அனுப்பினால் தூரம் போகப் போகத் தடுமாறும்.

அத்தை வீட்டில் என்ன செய்தோம்? அன்றைக்கே காசில்லாத வைத்தியம்: அப்லோடு இரவு பதினொன்றுக்கு மேல்தான் என்று மச்சானுக்கு உத்தரவு. "கல்யாண வீட்டுக்காரங்க அவசரப்படுத்துவாங்களே" என்று அவர் முனகவே, அடுத்த வாரம் பத்தாயிரத்துக்குள் ஒரு சின்ன ஒயர்டு ரவுட்டர். வேகத்தை 90 மெகாபிட்டுக்குக் கட்டுப்படுத்தி எஃப்க்யூ-கோடெல் போட்டோம். ரவுட்டரைவிட இணைப்பு வேகமாக இருந்தால்தான் நெரிசல் நம் கட்டுப்பாட்டில் இருக்கும். மாடிக்குக் கேபிள் இழுத்து, பழைய பெட்டியை அங்கே வைத்தோம்.

இப்போது அப்லோடு ஓடும்போதே பிங் 20-ஐத் தாண்டுவதில்லை. வீடியோ போய்ச் சேரச் சில நிமிடங்கள் கூடுதலாகின்றன, அவ்வளவுதான். "இந்த வாரம் ஒரு தடவைகூட கட் ஆகலண்ணா" என்று நேற்று மெசேஜ் வந்தது. நிரந்தரமாவதற்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது.

நீங்களும் கடைக்குப் போகும் முன் ஒரு சாயங்காலம் பிங் ஓட்டிப் பாருங்கள். வீட்டில் யார் லாரி, யார் ஸ்கூட்டி என்று தெரிந்துவிடும்.