நம்முடையது என்பதால் நன்றாகிவிடாது

படைக்கலம் பொய்த்தால் சாகின்றவன் மறவன். அதற்குப் பரிந்து பேசிய அமைச்சன் அல்லன். கனடா நாட்டின் இராசு துமுக்கி (துப்பாக்கி) உணர்த்தும் உண்மை இதுவே.

போயர் போர்க்காலத்தில் ஆங்கிலப் படையின் இலீ-என்பீல்டு துமுக்கிகளைக் கனடா வேண்டியும் பெற இயலவில்லை. ஆகவே, சார்லசு இராசு வடித்த துமுக்கியைக் கியூபெக்கு நகரில் தானே செய்யத் துணிந்தது. பிறன் கையை எதிர்பாராத அத்துணிவில் பிழையில்லை.

பிழை பின்னரே நேர்ந்தது. 1915 ஏப்பிரல் திங்களில், பெல்சியத்தின் ஈப்பர்க் களத்தில், நேரே பின்னிழுக்கும் அதன் தாழ் சேற்றில் இறுகியது. தாழின் பிடிப்பற்கள் திறக்குந்தோறும் சிறு நிறுத்தியொன்றில் மோதி உருக்குலைந்தன. நெருக்கமாகக் கடைந்த குண்டறையில் ஆங்கில நாட்டுக் குண்டுகள் சிக்கின. தாழைக் காலால் உதைத்துத் திறக்க வேண்டியதாயிற்று. நச்சுவளி சூழ்ந்த அக்களத்தில் எஞ்சிய ஏறத்தாழ 5,000 பேரில் 1,400-க்கு மேற்பட்டோர் அதனை எறிந்துவிட்டு, இலீ-என்பீல்டு துமுக்கிகளைக் கைக்கொண்டனர்.

மறைந்திருந்து குறிசுடுவோர்க்கு மட்டும் அது உதவியது. துடைத்துத் தூய்மையாக வைத்து, ஒவ்வொன்றாகச் சுடும் அவர்களுக்கு, அந்நெருக்கமே குறி தப்பாமைக்குத் துணையாயிற்று. ஒசிப்வே பழங்குடி மறவர் பிரான்சிசு பெகாமகபோ இத்துமுக்கியாலேயே பெயர் பெற்றார். ஆயினும் அதற்குப் பொருத்தப்பட்ட வார்னர்-சுவேசித் தொலைநோக்கியோ, குழலுக்கு நேர்மேலே அமையாமல் இடப்புறம் ஒதுங்கி நின்றது; கன்னம் கட்டையில் நன்கு பதியாது. கண்ணை மிக நெருக்கி வைத்தாலன்றி இலக்குத் தெரியாது. அதன் இரப்பர் மூடியோ கண்ணை உறிஞ்சிப் பற்றிக்கொண்டது. பகைவனைக் காட்டவேண்டிய கண்ணாடி சுடுபவனையே வருத்தியது.

படைத்தலைவர் ஆல்டர்சன் துமுக்கியின் குறைகளை எடுத்துரைத்தார். படைத்துறை அமைச்சர் சாம் இயூசு தாழைத் திருத்துவதை விட்டுக் குறைகூறியவர்மேல் பாய்ந்தார். 1916 மே திங்களில் ஆல்டர்சன் பொறுப்பிழந்தார். அவ்வாண்டிற்குள்ளேயே களத்துப் பொதுப்படையினரிடமிருந்து அத்துமுக்கி அகற்றப்பட்டது; நவம்பரில் அமைச்சரும் விலக நேர்ந்தது. உண்மை வென்றது, இடையில் மாண்டவர் மீளவில்லை.

தன்னாக்கம் வேண்டும், அதில் இருவேறு கருத்தில்லை. ஆனால் கருவியாயினும் கலைச்சொல்லாயினும், ஆக்கியோன் பட்டறையில் அன்று, ஆள்வோன் கையிலேயே தேறவேண்டும். குறை சொல்பவனை இரண்டகன் என்று தூற்றுவது எளிது. குறையைக் களைவதே கடினம். நாட்டுப்பற்று குறையை மூடும் திரையாகலாகாது. அதைச் செதுக்கி நீக்கும் உளியாதல் வேண்டும். தம்முடையதைக் காக்க எண்ணுவோர் முதலில் அதனைத் தாமே கடுமையாக ஆய்க!