பொத்தானை அமுக்கினால் பனி போய்விடுமா?

ஆல்ப்ஸ் மலையில் மீட்புக்குக் கிளம்பிய ஹெலிகாப்டர் மேகத்தைக் கண்டு திரும்பிவிட்டால் போதும், "பைலட்டுக்குத் துணிச்சல் இல்லை" என்று நம்மவர்கள் தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். விமானத்தில் பனி நீக்கும் கருவி இருக்கிறதே, இதில் மட்டும் இல்லையா என்று கேள்வி வேறு.

இல்லை ஐயா, சிறிய ஹெலிகாப்டர்கள் பெரும்பாலானவற்றில் விசிறிக்கு அது இல்லை.

மேகத்துக்குள் 0 டிகிரிக்குக் கீழேயும் உறையாத நீர்த்துளிகள் உண்டு. சுழலும் விசிறியின் இறக்கையில் பட்டதும் உறைந்து ஒட்டிக்கொள்ளும். இறக்கையின் வடிவம் கெட்டுத் தூக்கும் சக்தி குறையும், எஞ்சின் திணறும். ஓர் இறக்கையின் பனி மட்டும் பிய்ந்து விழுந்தாலோ, ஹெலிகாப்டர் முழுவதும் உதறும்.

பிரெஞ்சுக்காரன் இதற்கு இரண்டு சொல் வைத்திருக்கிறான். 'ஆந்திழிவ்ராழ்' என்றால் பனி படியவிடாமல் தடுப்பது. 'தெழிவ்ராழ்' என்றால் படிந்ததை உதிர்ப்பது. நாம் இரண்டையும் போட்டுக் குழப்புகிறோம். எஞ்சினுக்குக் காற்று போகும் வாய்க்கு முதலாவது. இறக்கைக்கு இரண்டாவது: முன்விளிம்பில் பதித்த மின்கம்பிகளைப் பகுதி பகுதியாகச் சூடாக்கி உதிர்க்க வேண்டும். எல்லாவற்றையும் ஓயாமல் சூடாக்க அவ்வளவு மின்சாரத்துக்கு எங்கே போவது? சூப்பர் பூமா போன்ற பெரியவை அந்தப் பாரத்தைத் தாங்கும். மீட்புக்குப் போகும் சிறியது ஜெனரேட்டரைச் சுமப்பதா, அடிபட்டவனைச் சுமப்பதா?

மேகம் இறங்கிய நாளில் அங்கே மீட்பு வீரர்கள் நடந்தே மலையேறுகிறார்கள். திண்ணையில் தீர்ப்புச் சொல்பவர்கள் அதைப் பற்றிப் பேசுவதே இல்லை.