எந்தப் பச்சை?

புடவைக்கு மேட்சிங் ப்ளவுஸ் துணி எடுக்கிறவர்கள் கடையின் ட்யூப்லைட்டை நம்புவதில்லை. துணியை வாசலுக்குக் கொண்டுவந்து வெயிலில் பார்ப்பார்கள். உள்ளே ஒன்றாகத் தெரிந்த இரண்டு சாயங்கள் வெளியே வேறு வேறாகிவிடும் என்பது அவர்களுக்குத் தெரியும். கம்ப்யூட்டரில் பழைய போர் விமானங்களுக்கு வர்ணம் பூசிக்கொண்டிருக்கும் கூட்டத்துக்கு அவசியமாகத் தேவைப்படுவது இந்த அறிவுதான்.

மைக்ரோசாஃப்டின் முதல் ஃப்ளைட் சிமுலேட்டர் 1982ல் வந்தபோது காட்சி என்பது பெரும்பாலும் கோடுகள்தான். பிறகு 256 வர்ணங்கள் கிடைத்த காலத்தில், பச்சை என்றால் கைக்குக் கிடைத்த பச்சை. யாரும் குறை சொல்லவில்லை. இன்று திரையில் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட வர்ணங்கள். இறக்கையின் ரிவெட்டுகளை எண்ணலாம். இனிச் சாக்குச் சொல்ல வழியில்லை. 2001ல் வெளியான ‘ஐஎல்-2 ஸ்டர்மோவிக்’ போன்ற சிமுலேட்டர்களில் ரசிகர்களே விமானத்துக்கு வர்ணம் பூசலாம் என்று ஆனதும் சர்ச்சை சூடுபிடித்தது. 1940ல் ஸ்பிட்ஃபயரின் அடிவயிறு உண்மையில் என்ன நிறம்?

ஆவணத்தைப் புரட்டினால் தெரிந்துவிடும் என்று நினைப்பீர்கள். சண்டை விமானங்களின் அடிப்பாகத்துக்கு ‘ஸ்கை’ என்ற நிறத்தைப் பூசும்படி 1940 ஜூனில் பிரிட்டிஷ் விமானப்படை உத்தரவிட்டது. பெயர்தான் வானம்; நிறம் என்னவோ வெளிறிய பச்சை. உத்தரவு போன வேகத்தில் பெயின்ட் போகவில்லை. தளங்களில் கையிலிருந்ததைக் கலந்து பூசினார்கள். சில விமானங்களின் வயிறு நீலமாகவே இருந்தது. ஆக, ஆவணம் சொல்வது என்ன பூசியிருக்க வேண்டும் என்பதை. என்ன பூசினார்கள் என்பது வேறு விஷயம்.

ஜெர்மானியர்கள் ஒழுங்குக்குப் பெயர் போனவர்கள். அவர்களுடைய விமான அமைச்சகம் வர்ணங்களுக்கெல்லாம் எண் கொடுத்து அட்டை அச்சடித்தது. ஆனால் போரின் கடைசிக் கட்டத்தில் வந்த 81, 82, 83 ஆகிய எண்களுக்கு அதிகாரபூர்வ வர்ண அட்டை இன்றுவரை கிடைக்கவில்லை. எண் இருக்கிறது, நிறம் இல்லை. ஆராய்ச்சியாளர்கள் பல ஆண்டுகளாக இதில் மோதிக்கொண்டிருக்கிறார்கள்.

புகைப்படங்கள்? அவை இன்னும் மோசமான சாட்சிகள். அக்காலத்தில் புழங்கிய ஒரு வகைக் கறுப்பு-வெள்ளை ஃபிலிமுக்குச் சிவப்பு கண்ணுக்கே தெரியாது. அதில் சிவப்பு கறுப்பாகும், மஞ்சள் இருண்டுபோகும், நீலம் வெளுத்துவிடும். பிரிட்டிஷ் விமானத்தின் வட்டச் சின்னத்தைச் சுற்றியுள்ள பளிச்சென்ற மஞ்சள் வளையம் சில படங்களில் கரிய வளையமாகத் தெரிவது இதனால்தான். கலர் ஃபிலிமும் யோக்கியமில்லை; ஆண்டுகள் ஓட அதன் சாயமே மாறிவிடுகிறது.

விமானத்தின் உடம்பிலேயே மிஞ்சியிருக்கும் பெயின்ட்டும் முழு உண்மையைச் சொல்லாது. ஜப்பானின் புகழ்பெற்ற ஜீரோ விமானம் நல்ல உதாரணம். 1941 டிசம்பரில் பேர்ல் ஹார்பரைத் தாக்கிய ஜீரோக்கள் வெள்ளை அல்லது வெளிர் சாம்பல் என்றே பல காலம் நம்பப்பட்டது. 1970ல் வந்த ‘டோரா! டோரா! டோரா!’ படத்தில் ஜீரோ வேஷம் போட்ட பயிற்சி விமானங்களும் அப்படித்தான் பறந்தன. ஆனால் 1942ல் ஜப்பானியக் கடற்படை ஆய்வுக்கூடத்தின் அறிக்கை ஒன்று, அந்தச் சாம்பல் நிறம் சற்றே ‘அமே-இரோ’வின் பக்கம் சாய்ந்திருந்ததாகக் குறிப்பிடுகிறது. அமே என்பது மாவுச்சத்தில் காய்ச்சும் பாகு. மஞ்சளும் பழுப்பும் கலந்த நிறம். சுட்டு வீழ்த்தப்பட்ட விமானங்களின் துண்டுகளும் பச்சையும் பழுப்பும் ஓடிய சாம்பலையே காட்டுகின்றன. வெயிலும் காற்றும் பட்டு மேற்பரப்பு சுண்ணாம்புபோல் பூத்து வெளுத்துவிடும். தேய்த்துப் பார்த்தவர்களுக்குத்தான் அடியிலிருந்த நிறம் கிடைத்தது.

சரி, நிறத்தைக் கண்டுபிடித்தாயிற்று. அதைத் திரையில் வைப்பது அடுத்த கண்டம். பெயின்ட் துண்டைக் கருவியால் அளந்து எண்ணாக்கலாம். ஆனால் உங்கள் மானிட்டரும் என் மானிட்டரும் அந்த எண்ணை ஒரே மாதிரி காட்டாது. இன்னொரு பொறியும் உண்டு. பொம்மை விமானம் செய்கிறவர்கள், தூரத்தில் தெரிவதுபோல் இருக்கட்டும் என்று வர்ணத்தைக் கொஞ்சம் வெளுத்துப் பூசுவார்கள். அதே பழக்கத்தைச் சிமுலேட்டருக்குக் கொண்டுவந்தால் காரியம் கெட்டது. அங்கே வெயில், நிழல், மூட்டம் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரே கணக்குப் போட்டு மேலே ஏற்றுகிறது. நாமும் வெளுத்தால் ஒரே செலவை இரண்டு முறை எழுதிய கதை.

இதெல்லாம் வெள்ளைக்காரர்களின் பொழுதுபோக்கு, நமக்கென்ன என்று ஒதுக்கிவிட முடியாது. இரண்டாம் உலகப் போரில் பர்மா முனையில் பறந்த விமானங்களின் வட்டச் சின்னத்திலிருந்து சிவப்பு நீக்கப்பட்டது. ஜப்பானின் சிவப்புச் சூரியன் என்று நினைத்துச் சொந்த ஆட்களே சுட்டுவிடக் கூடாதே! இந்திய விமானப்படையினர் அந்த இருவகை நீலச் சின்னத்தோடுதான் போரிட்டார்கள். அங்கே ஒரு சிவப்புப் புள்ளி என்பது உயிர் போகிற சமாசாரம். சுதந்திரத்துக்குப் பின் சிறிது காலம் அசோகச் சக்கரம் சின்னமாக இருந்தது; பிறகு மூவர்ணம் வந்தது. இந்திய ஸ்பிட்ஃபயரைத் திரையில் பறக்கவிடுகிறவர், ஆண்டைச் சொல்லாமல் சின்னத்தை வரையவே முடியாது.

1971 போரில் நம் மிக்-21கள் பல, பளபளத்த உலோக உடம்பின் மேல் அவசரமாகப் பச்சை பூசிக்கொண்டு கிளம்பின. கோலம் எல்லாவற்றிலும் ஒன்றுபோல் இல்லை. அது எந்தப் பச்சை? பூசியவர்களுக்கு இன்று வயது எழுபதைத் தாண்டியிருக்கும். 1963ல் படையில் சேர்ந்த மிக்-21, 2025 செப்டம்பரில் விடைபெற்றுவிட்டது. ஓய்வுபெற்ற போர் விமானங்கள் ஊர் நாற்சந்திகளிலும் கல்லூரி வாசல்களிலும் நிற்கின்றன. விழா வந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, அருகிலுள்ள ஹார்டுவேர் கடையின் எனாமலைப் பூசிவிடுகிறார்கள். நோக்கம் மரியாதை, விளைவு, சாட்சியம் அழிகிறது.

இதைத் தடுக்க அதிகச் செலவாகாது. மறுபடி பூசும் முன் ஓர் ஓரத்தில் கையகல இடத்தைத் தேய்க்காமல் விடலாம். பழைய அடுக்குகளை அளந்து, தேதியும் விமான எண்ணும் சேர்த்து எழுதி வைக்கலாம். பூசியவர்களைத் தேடிக் கேட்கலாம். அவர்கள் ஞாபகமும் மங்கியிருக்கும். ஆனாலும் எந்த டப்பாவிலிருந்து, எந்த பிரஷ்ஷால், எத்தனை மணி நேரத்தில் என்பதை அவர்கள்தான் சொல்ல முடியும்.

நாளைய பிள்ளைகள் 1971ஐப் பாடப் புத்தகத்தைவிடத் திரையில்தான் அதிகம் பார்க்கப்போகிறார்கள். அங்கே பூசப்படும் பச்சைதான் அவர்களுக்குச் சரித்திரம். நம்மிடம் பதிவு இல்லையென்றால், எங்கோ உட்கார்ந்திருக்கும் ஒரு ரசிகர் தன் ஊகத்தைப் பூசுவார். அவர்மேல் குற்றம் சொல்ல நமக்கு அருகதை இருக்காது.