தெரிந்தும் தெரியாதவராய்

திருந்தி வாழ்பவனை மறுபடியும் களவுக்கு இழுக்க, அவனுடைய பழைய கதையை அறிந்த ஒருவர் போதும். 'சொல்லிவிடுவேன்' என்னும் மிரட்டலே விலங்காகிவிடும். அமெரிக்க எழுத்தாளர் ஓ. ஹென்றி 1903-இல் எழுதிய சிறுகதை ஒன்றிலோ அக்கட்டாயம் வேறு உருவில் வருகிறது. அவரும் வங்கிப் பணக் கையாடல் வழக்கில் 1898 முதல் 1901 வரை சிறையில் இருந்தவர்.

இரும்புப் பெட்டகங்களை உடைப்பதில் கைதேர்ந்தவன் ஜிம்மி வாலன்டைன். வங்கி உரிமையாளரின் மகள்மீது காதல் கொண்டு களவைத் துறக்கிறான். பெயரை மாற்றிக்கொண்டு காலணிக் கடை நடத்துகிறான். திருமணம் நெருங்குகிறது. தன் பழைய கருவிகளை நண்பன் ஒருவனுக்குக் கொடுத்துவிட எண்ணி, பெட்டியோடு அன்று வங்கிக்கு வந்திருக்கிறான். அவனைத் தேடிவந்த துப்பறிவாளர் பென் பிரைஸும் அங்கேதான் நிற்கிறார்.

விளையாட்டாக ஒரு சிறுமி, ஐந்து வயதுக் குழந்தையைப் புதிய பெட்டக அறைக்குள் வைத்துப் பூட்டிவிடுகிறாள். திறக்க வழியில்லை, உள்ளே காற்றும் குறைவு. குழந்தை அலறுகிறது.

அவனை எவரும் மிரட்டவில்லை. அந்த அலறல் ஒன்றே அழைத்தது. மணப்பெண் அணிந்திருந்த ரோஜாவைக் கேட்டு வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்கிறான். விடைபெறுகிறான் என்பது அவளுக்குத் தெரியாது. கதையின் உயிர் இந்த இடத்தில்தான் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. பிறகு கருவிப்பெட்டியைத் திறக்கிறான். பத்தே நிமிடங்களில் குழந்தை தாயின் கைகளில்!

எல்லாம் முடிந்ததென்று, தானே பென் பிரைஸிடம் சென்று நிற்கிறான். அவரோ அவனை அறியாதவர்போல், வெளியே வண்டி காத்திருப்பதை நினைவூட்டிவிட்டுத் தெருவில் இறங்கி நடக்கிறார்.