வழியில் நின்றுபோனவை

ஆண்டுதோறும் புரட்டாசியில் திருவில்லிபுத்தூரிலிருந்து ஆண்டாள் சூடிக்களைந்த மாலை திருப்பதிக்குப் போகிறது. பிரம்மோற்சவத்துக் கருடசேவைக்கு முன்னதாகச் சேர்ந்தும் விடுகிறது. சித்திரையில் கள்ளழகர் வைகையில் இறங்குவதும் இவ்வூர் மாலையை அணிந்துகொண்டுதான். இதில் வியக்க ஒன்றுமில்லை. கொண்டுபோகிறவர்களே கொண்டுபோய்ச் சேர்க்கிறார்கள். நடுவில் வேறு கை கிடையாது. அதே ஊரிலிருந்து கடல் கடந்து அனுப்பப்படும் ஒரு சிறு பார்சல் எத்தனை கை மாறுகிறது என்று எண்ணிப்பார்த்தால், அது போய்ச் சேருவதுதான் வியப்பு என்று தோன்றும்.

உள்ளூர் அஞ்சலகம், பிரிப்பகம், வெளிநாட்டு அஞ்சலகம், அங்கே நம் சுங்கம், பிறகு விமான நிறுவனம், அயல்நாட்டுச் சுங்கம், அயல்நாட்டு அஞ்சல்காரர். இத்தனைக்கும் நம் கையிலிருப்பது பதின்மூன்று குறிகள் கொண்ட ஓர் எண்: முன்னே இரண்டு எழுத்து, நடுவே ஒன்பது இலக்கம், ஈற்றில் நாட்டைக் குறிக்கும் இரண்டு எழுத்து. விமானம் ஏறும்வரை அந்த எண் பேசும். அதன்பின் பல நாள் மௌனம். அந்த மௌனத்தைத்தான் நாம் ‘தொலைந்துவிட்டது’ என்கிறோம்.

தொலைந்தவை எல்லாம் தொலைந்தவை அல்ல என்பதே என் முதல் வாதம். திருவில்லிபுத்தூர்ப் பால்கோவாவை எடுத்துக்கொள்வோம். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற பண்டம். பாலும் சர்க்கரையும் தவிர அதில் வேறொன்றுமில்லை. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளோ வெளியிலிருந்து வரும் தனிநபர் பார்சல்களில் பால் பொருள்களைப் பொதுவாக அனுமதிப்பதில்லை. ஜெர்மனியிலிருக்கும் பேரனுக்கு இங்கிருந்து ஒரு பாட்டி அனுப்பும் அரைக்கிலோ அங்கே சட்டப்படி அழிக்கப்படலாம். அவள் கணக்கில் அது தொலைந்த பொருள். அவர்கள் கணக்கில் ஒழுங்காக முடிக்கப்பட்ட கோப்பு. கெடுவதற்கு முன் தின்றாக வேண்டிய இனிப்பைக் கடல்தாண்டி அனுப்பலாமா என்று கேட்பவர்கள், அனுப்புகிறவளின் மனத்தை அறியாதவர்கள். கேட்க வேண்டிய கேள்வி வேறு. எந்த நாட்டுக்கு எது போகாது என்ற பட்டியலைத் தமிழில் அச்சடித்து, அஞ்சலகச் சாளரத்தருகே ஒட்டிவைப்பதற்கு என்ன தடை?

இனி 2025க்கு வருகிறேன். எண்ணூறு டாலர் வரையுள்ள பொருள்களைத் தீர்வையின்றி அனுமதித்து வந்த அமெரிக்கா, ஜூலை 30 அன்று பிறப்பித்த ஆணையால் அந்தச் சலுகையை ஆகஸ்ட் 29 முதல் எல்லா நாடுகளுக்கும் நீக்கியது. தீர்வையை யார் வசூலிப்பது, எப்படிச் செலுத்துவது என்பதில் தெளிவில்லை. விமான நிறுவனங்கள் பொதிகளை ஏற்கத் தயங்கின. ஆகஸ்ட் 25 முதல் இந்திய அஞ்சல் துறை அமெரிக்காவுக்கான பார்சல்களை நிறுத்தியது. கடிதங்களும் நூறு டாலருக்குட்பட்ட அன்பளிப்புகளும் போகலாம் என்று முதலில் சொன்னார்கள். அம்மாத இறுதியில் அவையும் நின்றன. சேவை மீண்டது அக்டோபர் 15 அன்று, தீர்வையை அனுப்புகிறவரிடமே முன்கூட்டி வாங்கும் ஏற்பாட்டுடன்.

இந்த ஏழு வாரத் தடையை ஏற்றுமதிக்காரர்களின் துன்பமாக மட்டுமே ஏடுகள் எழுதின. அவர்கள் துன்பம் மெய்தான். இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியின் விசைத்தறிகளில் மருத்துவமனைகளுக்கான பேண்டேஜ் துணி நெய்யப்பட்டுப் பல நாடுகளுக்குப் போகிறது. 2023 இறுதியில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டபோது, ஐரோப்பாவுக்குப் போகும் பெருங்கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போகத் தொடங்கின. பயணம் இரு வாரம்வரை நீண்டது, கட்டணமும் ஏறியது. ஆனால் அவர்களுக்குக் காப்பீடு உண்டு, கப்பல் முகவர் உண்டு, முறையிட ஒரு சங்கமும் உண்டு. ஐந்து நூல்களைக் கட்டி அயல்நாட்டு வாசகருக்கு அனுப்பும் சிறு பதிப்பாளருக்கு அஞ்சலகம் ஒன்றுதான் உண்டு. தனியார் கூரியருக்குக் கொடுக்க நேர்ந்தால் நூலின் விலையைவிட அனுப்பும் செலவு சில மடங்கு ஆகிவிடும்.

இதில் ஒரு முரண் இருக்கிறது. அந்த ஆண்டின் புதிய தீர்வைகளில் நூல்களுக்கு அமெரிக்கச் சட்டமே விலக்கு அளித்திருந்தது. ஆனால் பையைத் தூக்க விமானம் இல்லாதபோது பைக்குள் இருப்பது புடவையா புத்தகமா என்று யார் பார்த்தார்கள்? நூல்களை மட்டும் தனிப்பையாகக் கட்டி அனுப்ப நம் அரசு வாதாடியிருக்கலாம். அச்சிட்ட தாள்களை ஒரே முகவரிக்குத் தனிப்பையாகக் கட்டி அனுப்பும் முறை பன்னாட்டு அஞ்சலில் வெகுகாலமாகவே உள்ளது. அப்படி வாதாட வேண்டும் என்று நம் பதிப்பாளர்களாவது உரக்கக் கேட்டிருக்க வேண்டும். உள்நாட்டில் 2024 டிசம்பரில் பதிவுப் புத்தக அஞ்சல் நிறுத்தப்பட்டபோதும் சில நாள் புலம்பலோடு ஓய்ந்துவிட்டோம்.

பட்டினப்பாலையைப் பாடமாக நடத்தும்போதெல்லாம் காவிரிப்பூம்பட்டினத்துச் சுங்கச் சாவடியில் மாணவர்களைச் சற்று நிறுத்துவது என் வழக்கம். உருத்திரங்கண்ணனார் காட்டும் உல்கு கொள்வோர் ஓயாமல் உழைப்பவர்கள். ஏறுமதிக்கும் இறக்குமதிக்கும் புலிச்சின்னம் பொறித்துப் பொருளை விடுகிறார்கள். வரி உண்டு, ஆனால் வரி கொள்பவர் அங்கேயே நிற்கிறார், பொருளும் நகர்கிறது. வரியை அறிவித்துவிட்டு அதைக் கொள்ளும் கையை ஏற்படுத்தாமல் விடுவது சோழனின் துறைமுகத்தில் நடந்திருக்காது என்று வகுப்பில் சொல்வேன். மிகைதான். இருந்தாலும் சொல்வேன்.

1874இல் பெர்ன் நகரில் கூடிய நாடுகள், அஞ்சலைப் பொறுத்தவரை தாம் அனைத்தும் ஒரே நிலப்பரப்பு என்று உடன்படிக்கை செய்தன. இந்தியா 1876இல் அதில் சேர்ந்தது. போர்க்காலத்திலும் தபாலைக் கொண்டுபோக அரும்பாடு பட்டார்கள். கல்கத்தாவிலிருந்து தேயிலை, இரும்பு, வெள்ளியுடன் கடிதங்களையும் ஏற்றிச்சென்ற கெய்ர்சோப்பா என்னும் கப்பல் 1941 பிப்ரவரியில் அயர்லாந்துக்கு அப்பால் நீர்மூழ்கியால் தாக்குண்டு மூழ்கியது. 2011இல் ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் ஆழத்தில் அதைக் கண்டுபிடித்தார்கள். மேலே கொண்டுவரப்பட்ட பொருள்களில் எழுநூறுக்கும் மேற்பட்ட கடிதங்கள் இருந்தன, எழுத்துப் படிக்கும்படியாக. 2018இல் இலண்டன் அஞ்சல் அருங்காட்சியகம் அவற்றைக் காட்சிக்கு வைத்தது.

கடலடியில் கிடந்ததற்குக் காரணம் தெரியும். நம் பார்சலுக்கு அதைத்தான் சொல்ல மறுக்கிறார்கள். தடுக்கப்பட்டதா, அழிக்கப்பட்டதா, விமானத்துக்குக் காத்திருக்கிறதா என்று ஒரு வரி, அனுப்பியவரின் கைப்பேசிக்கு, அவர் மொழியில் வரட்டும். ரயில் தாமதத்துக்கும் வங்கியில் பத்து ரூபாய் கழிந்ததற்கும் குறுஞ்செய்தி அனுப்பும் நாட்டில் இது இயலாத காரியமன்று. வரும் சனவரியில் சென்னைப் புத்தகக் காட்சியில் கூடும் பதிப்பாளர்கள், விருது விழாக்களுக்கிடையே அரைநாள் ஒதுக்கி, நூல்களுக்குத் தனிப்பை, தாய்மொழியில் செய்தி என்னும் இவ்விரண்டையும் மனுவாக எழுதி அஞ்சல் துறையிடம் கொடுக்கலாம்.