பொட்டி வாத்தியம்

கும்பகோணத்திலிருந்து சென்னை திரும்பும்போது மீன்சுருட்டியில் டீக்கு நிறுத்தினோம். பக்கத்தில் ஒரு வேன். ஏதோ ஊர்த் திருவிழாவுக்குப் போகிற இன்னிசைக் குழு. உள்ளே ஒரு பையன் கீபோர்டை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அதைப் பார்த்த டீக்கடைப் பெரியவர் சொன்னார்: “இப்பல்லாம் என்ன சார் வாத்தியம்? பொட்டியத் தட்டிவுட்டா அதுவா பாடிட்டுக் கெடக்குது.”

இதையே மயிலாப்பூர் சபா கேன்டீனிலும் கேட்டிருக்கிறேன், கொஞ்சம் இலக்கண சுத்தமாக. சொன்னவர் அப்போதுதான் கச்சேரி கேட்டுவிட்டு வந்திருந்தார். மேடையில் தம்புராவுக்குப் பதில் ஓடிக்கொண்டிருந்தது எலெக்ட்ரானிக் சுருதிப்பெட்டி. அது மட்டும் தெய்வீகம்!

சரண்ஜித் சிங் என்று ஒருவர் இருந்தார், தெரியுமா? பம்பாய் சினிமாவில் ஆர்.டி.பர்மன் போன்றவர்களுக்கு வாசித்தவர். 1982-ல் அவர் மூன்று ஜப்பானிய மெஷின்களை இணைத்து, பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ஓர் ஆல்பம் போட்டார். பைரவ், பூபாளி, மால்கௌன்ஸ். நம் கணக்கில் மாயாமாளவகௌளை, மோகனம், ஹிந்தோளம்.

மூன்றில் ஒன்று டிபி-303. கிடார்காரர்கள் தனியாகப் பயிற்சி செய்யும்போது பேஸ் கிடாருக்குப் பதிலாக இருக்கட்டும் என்று செய்த சின்னப் பெட்டி. சாதாரண கீபோர்டில் ஸ்வரம் கட்டைக்குக் கட்டை தாவும். இதில் வழுக்கிக்கொண்டு போகும். ராகத்துக்கு வேறென்ன வேண்டும்? ஐந்து வருஷம் கழித்து, 1987-ல், சிகாகோ இளைஞர்கள் அதே பெட்டியைத் திருகி ‘ஆசிட் ட்ராக்ஸ்’ வெளியிட்டார்கள். உலகம் அதை ‘ஆசிட் ஹவுஸ்’ என்று கொண்டாடியது.

நம்மாள் ரெக்கார்டு? எச்.எம்.வி.தான் வெளியிட்டது. விற்கவில்லை. ஹீரோ இல்லை, ஹீரோயின் இல்லை, பாட்டு வரி இல்லை. யார் வாங்குவது? 2002-ல் எடோ பௌமன் என்ற டச்சுக்காரர் கையில் அது சிக்கியது. 2010-ல் மறுபடி வெளியிட்டார். அதற்கப்புறம்தான், எழுபதைத் தாண்டிய வயதில், ஐரோப்பிய மேடைகளில் அதை வாசித்தார் சிங். 2015-ல் போய்விட்டார்.

அதற்கும் முந்தைய கதை, அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனம். 1969-லேயே அங்கே மூக் சிந்தசைசர் வந்திறங்கியது. கீதா சாராபாய், அதுல் தேசாய் போன்றவர்கள் அதில் என்னென்னவோ செய்து நாடாக்களில் பதிந்தார்கள். அவை அலமாரியில் தூங்கின. லண்டனிலிருந்து பால் பர்கஸ் வந்து தேடி எடுத்தார். 2023-ல்தான் அவை வெளியே வந்தன.

ரெண்டு தடவையும் வெளியூர்க்காரர்தான் வந்து சொல்ல வேண்டியிருந்தது, கவனித்தீர்களா?

“எங்களுக்கா ரசனையில்லை? ரஹ்மானைத் தலையில் தூக்கி வைக்கவில்லையா?” என்பீர்கள். வைத்தோம், 1992-ல், ‘ரோஜா’ வந்த பிறகு. அதற்கு முன்பே அவர் மால்குடி சுபாவைப் பாட வைத்து ‘செட் மீ ஃப்ரீ’ என்று ஓர் ஆங்கில ஆல்பம் செய்திருந்தார். உங்களில் எத்தனை பேர் கேட்டீர்கள்? நானும் கேட்கவில்லை. சினிமா என்கிற வாசல் வழியாக வராத சத்தம் நமக்குச் சத்தமே இல்லை. எந்தக் கம்பெனிக்காரன் இதற்குப் பணம் போடுவான்? எந்தக் கலைஞன் ரெண்டாவது தடவை துணிவான்?

கிளம்பும்போது அந்தப் பையனிடம் கேட்டேன், “சினிமாப் பாட்டு இல்லாம சொந்தமா ஏதாச்சும் போட்டிருக்கியாப்பா?”

“நாலஞ்சு செஞ்சு செல்லுல வச்சிருக்கேன் சார். கேக்குறீங்களா?”

வேன் டிரைவர் ஹாரன் அடித்துவிட்டார். ‘இன்னொரு நாள்’ என்றேன். அவன் பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை.